பெரியவர் நிறுத்திய இடம்

1

கார்காலம் தன் முதல் மேகத்தை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பின்தங்கி நிற்கிறது. வானம் ஈயத்தகடுபோல் தாழ்ந்து வந்து, கூரைகளைத் தொட்டுவிடும் உயரத்தில் அசையாதிருக்கிறது. கம்பிகளில் அமர்ந்த பறவைகள் இடம் மாறுவதைக்கூட யோசித்தே செய்கின்றன. காற்று இல்லை, ஆயினும் காற்று வரப்போகிறது என்னும் எண்ணம் ஒவ்வோர் இலையிலும் இருக்கிறது. பிரிந்து போனவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் இதுவே என்று பழம்பாடல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. சன்னலருகே அமர்ந்த ஒருத்தி, சாலையைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு சாலையையே பார்த்திருக்கிறாள்.

(இந்தப் பத்தியைப் படித்த அந்த ஒருத்தி, அதாவது என் தங்கை, "நான் எங்க ரோட்டைப் பார்த்தேன்? கேஸ்காரன் வர்றானான்னு பார்த்தேன்" என்றாள். கேஸ்காரன் முந்தின நாளே வந்து போய்விட்டான். பத்தி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் உள்ளத்தில் ஊறியதன்று. எனக்கு இடப்பட்ட கட்டளை. சென்ற மாதம் கணவர் வீட்டிலிருந்து ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்த தங்கை, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"நீ எழுதுறவன்தானே? இதை எழுது. பத்திரிகையில போடு. கிளினிக்ல அந்தப் பத்திரிகை வாங்குறோம். பேஷன்ட் படிப்பாங்க. அவரும் படிப்பார்."

"என்னவென்று எழுதுவது?"

"நடந்ததை."

"நடந்ததை எழுதினால் கதையாகாது, அம்மா."

"அப்ப நடக்கவேண்டியதையும் சேர்த்து எழுது. அவரா வந்து என்னைக் கேட்கணும். கேட்காம நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

நான் பழம்பாடல்களுக்கு உரை எழுதுபவன்; எப்போதேனும் கதையும் எழுதுபவன். என் தங்கையின் பார்வையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பல் மருத்துவர் இரக்கமற்றவர்."

தங்கை பென்சிலோடு வந்தாள். "இரக்கமற்றவரா? ஊசி போடும்போது பேஷன்ட்டுக்கு முன்னாடி அவர் கண்ணை மூடிக்குவார். அடி இதை."

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ராக் எனப்படும் முரட்டிசையானது, செவியைப் பண்படுத்தும் ஆயிரம் ஆண்டுத் தவத்தை ஒரே அறையில் கலைத்து"

இந்த வாக்கியத்தை முடிக்க இயலவில்லை. அந்த இசையில் ஒரு பாட்டையேனும் நான் முழுதாகக் கேட்டிருந்தால் ஒருவேளை முடித்திருப்பேன்.

மூன்றாம் தொடக்கத்தில் தங்கையைப் பொறுமையின் வடிவமாகப் படைத்திருந்தேன். அதைப் படித்து அவள் உண்மையாகவே கோபித்தாள். "என்னை நல்லவளா எழுதாதே. சகிக்கல."

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். அவருடைய சிகிச்சையறையில் ஒரு சாய்நாற்காலி. தலைமாட்டில் வட்ட விளக்கு. இடப்பக்கம் என் தங்கை உட்காரும் உயரமான முக்காலி. அதன் பின்னால் சுவர்த்தட்டில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர். அவர் பல்லைப் பார்ப்பார். அவள் கேட்குமுன்பே கருவியை எடுத்து நீட்டுவாள். டேப் பாடிக்கொண்டேயிருக்கும். வாய் திறந்து படுத்திருப்பவர்களுக்கு மாப்பிள்ளை இசை விமரிசனம் வழங்குவார்.

மறுத்துப் பேச முடியாதவர்கள் கூடிய அவையே உலகின் மிகச் சிறந்த அவை.*

அவர் ஆல்பங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அட்டைப்படத்தால் சுட்டுவார்.

"நீல யானை அட்டை கேட்டிருக்கீங்களா? முதல் பக்கம் உயிரைக் குடுத்துப் பாடியிருக்கான். ரெண்டாம் பக்கம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுத் தொலைச்சோமேன்னு பாடியிருக்கான். இன்னும் கொஞ்சம் அகலமாத் திறங்க."

"எரியிற சோபா அட்டையில பதினோரு நிமிஷம் வெறும் டிரம்ஸ். மத்தவங்க எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. பாவம், அவனுக்கும் ஒரு கப் கொண்டுவந்து குடுத்திருக்கலாம். துப்புங்க."

"ரெட்டை இசைத்தட்டு எதுக்குங்க? ஒரு தட்டுல சொல்லத் தெரியாதவன் ரெண்டுல சொல்லி என்ன ஆகப்போகுது?"

"பிரிஞ்ச குழு மறுபடி சேர்ந்து போட்ட ஆல்பம் இது. சேர்ந்துட்டாங்க, சந்தோஷம். எதுக்குன்னுதான் தெரியல."

"ஒருத்தன் கிதார்ல கணக்குப் போடுறான். இன்னொருத்தன் கிதார்ல சண்டை போடுறான். நல்லவன் ரெண்டும் போடமாட்டான். கடிச்சுப் பாருங்க. உயரமா இருக்கா?"

இவையெல்லாம் என் காதால் கேட்டவை. எனக்கும் பற்கள் உண்டு. உரையாசிரியன் என்னும் முறையில் ஒன்று சொல்லவேண்டும்: நான் நான்கு பக்கத்தில் நடுங்கி நடுங்கிச் சொல்லும் தீர்ப்பை அவர் நான்கு சொல்லில், கையில் துளைக்கும் கருவியோடு, சொல்லிவிடுவார். அது சரியா தவறா என்பது வேறு. தயக்கமில்லாத கருத்துக்கு ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

*இந்த இன்பம் எனக்கும் பழக்கமானதே. நான் உரை எழுதும் புலவர்கள் அனைவரும் காலமாகிவிட்டார்கள்.

4

அவர் அட்டையால் சுட்டாத ஆல்பம் ஒன்றே ஒன்று. அதற்கு அட்டையே இல்லை.

மாணவராக இருந்தபோது, வெற்று டேப்பைக் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில் வாங்கியது. ஒட்டியிருந்த தாளில் பேனாவால் எழுதிய பெயரும் நாளடைவில் அழிந்துவிட்டது. பாடியவரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. குரல் மட்டுமே தெரியும். ஆழமான, மெதுவான, பலரை வழியனுப்பிவிட்டுத் தனியே வீடு திரும்பிய ஒருவரின் குரல். மாப்பிள்ளை அவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். குடும்பத்தில் ஒருவரைச் சொல்வதுபோல்தான் சொல்வார்: "பெரியவர் ஒண்ணு சொல்வார் பாருங்க."

"இவர் பாடுறதே இல்லை மச்சான். எழுந்திருக்க முடியாம உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட மெதுவாச் சொல்றார். எங்கப்பா போனப்ப எனக்கு அழுகையே வரல. எனக்குப் பதிலா இவர்தான் அழுதார்."

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒரு சொல்லின் பாதியில் நின்றுவிடும். இசையும் உடன் நின்றுவிடும். மாப்பிள்ளையின் கருத்துகளிலெல்லாம் முடிமணியான கருத்து இதைப் பற்றியதுதான்:

"அங்க நிறுத்துறார் பாருங்க! சொல்லி முடிச்சா பொய்யாயிடும்னு அவருக்குத் தெரியும். எத்தனை தட்டு கேட்டிருக்கேன்! இப்படி நிறுத்த ஒருத்தனுக்கும் தைரியம் வரல."

இதைக் கேட்டபோதெல்லாம் எனக்குள் ஒரு தொழில்முறை ஐயம் எழுந்ததுண்டு. செல்லரித்துப் போன ஏட்டில் இல்லாத அடிகளைக் கண்டு, "புலவர் இங்கே வேண்டுமென்றே மௌனம் காத்தார்" என்று வியந்து எழுதிய உரைகாரர்களை நான் அறிவேன். ஆனால் அப்போது வாயில் பஞ்சு இருந்தது.

5

இங்கே கதையின் முடிச்சு விழுகிறது. (தங்கை ஓரத்தில் எழுதியிருப்பது: "முடிச்சு கிடிச்சு வேண்டாம். நேராச் சொல்லு.") நேராகவே சொல்கிறேன்.

ஆண்டுக்கணக்காக ஓடி டேப் தேய்ந்துவிட்டது. பெரியவரின் குரல் நடுங்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு முன், தங்கை அதை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போய் ஓர் ஒலிப்பதிவுக்காரரிடம் கொடுத்து, "புதுசாட்டம் ஆக்கிக் குடுங்க" என்றாள். சில நாள் கழித்து அவர் சொன்ன பதில் இது:

"மேடம், சுத்தம் பண்றப்ப டேப் அறுந்து பொடியாயிடுச்சு. ஆனா கவலைப்படாதீங்க. அசல் இசைத்தட்டையே தேடிப்பிடிச்சுப் புது டேப்ல ஏத்தியிருக்கேன். உங்க டேப்ல வேகமே தப்பு. நிமிஷத்துக்கு நாற்பத்தஞ்சு சுத்து சுத்தவேண்டிய தட்டை, அந்தக் கடைக்காரன் முப்பத்திமூணுல ஓட்டிப் பதிஞ்சிருக்கான். மெதுவா ஓடினதுல டேப்பும் பத்தல. அதனாலதான் கடைசிப் பாட்டு பாதியில நின்னுச்சு. இப்ப எல்லாம் முழுசா இருக்கு."

அவள் வருந்தவில்லை, மகிழ்ந்தாள். "அவருக்குக் கிடைக்காமப் போன மிச்சத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துட்டேன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பென்சிலால் தொடவில்லை.

பிறந்தநாள் விருந்தில் நானும் இருந்தேன். பாட்டு எழுந்தது. பத்தொன்பது வயதுகூட நிரம்பியிராத ஒரு பெண்ணின் குரல், வெயிலில் கயிறு தாண்டுவதுபோல் குதித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை கரண்டியை வைத்தார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"அவங்கதான் உங்க பெரியவர்" என்றாள் தங்கை, முகமெல்லாம் மலர.

கடைசிப் பாட்டு வந்தது. பாதிச்சொல் வந்தது. மீதிச்சொல்லும் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கூட்டமே கைதட்டி, "ல ல லா, ல ல லா" என்று நெடுநேரம் பாடியது.

பிறகு, எல்லாவற்றைப் பற்றியும் எளிதாகக் கருத்துச் சொல்லிப் பழகியவர், தம் வாழ்நாளிலேயே மிகக் கொடிய கருத்தை அதே எளிமையோடு சொன்னார்:

"இத்தனை வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டிருந்தா இதைத் தொட்டிருக்கமாட்டே. உனக்கு அது வெறும் சத்தம்."

அவள் தட்டுகளை எடுத்தாள், கழுவினாள், துடைத்து அடுக்கினாள். மறுநாள் காலையில் என் வீட்டு மணி ஒலித்தது.

6

இந்தப் பாத்திரத்தை, அதாவது மாப்பிள்ளையை, என்ன செய்வதென்று தெரியாமல் பல நாள் விழித்தேன். நல்லவராக எழுதினால் தங்கைக்கு அநீதி. கெட்டவராக எழுதினால் அவளே அடித்துவிடுகிறாள். கதாசிரியனுக்கு வழி காட்டவேண்டும் என்றோ என்னவோ, என் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கியது. ஊரில் வேறு பல் மருத்துவரும் இருக்கிறார். தங்கையே, "அங்கயே போ. கைராசிக்காரர்" என்றாள்.

முக்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளை கருவிக்காகக் கையை நீட்டினார். கை வெறுமையாகவே நின்றது. பிறகு தாமே எழுந்து எடுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே இது பலமுறை நடந்தது. எரியிற சோபா பாடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை. ஊசி போட்டார், கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். என் நாக்கு மரத்துப் பாதி முகம் காணாமற்போயிற்று.

பக்கம் முடிந்து டேப் 'டக்' என்று நின்றது. மாப்பிள்ளையின் இரு கைகளும் உறைக்குள். உறையணிந்த கைகள் என் வாய்க்குள். அவர் தலையைத் திருப்பி டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். எதையோ எதிர்பார்ப்பவர்போல் காத்திருந்தார்.

"மெஷினும் போச்சு மச்சான்" என்றார். "முன்னாடியெல்லாம் ஒரு பக்கம் முடிஞ்சா தானாவே திரும்பிப் பாடும். இப்ப ஒரு மாசமா நின்னா நின்னதுதான்."

வாசகரே, இந்த இடத்தில் நான் அடைந்த துன்பத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லுக்குப் பொருள் சொல்லிப் பிழைப்பவன் நான். உலகில் மிக எளிதாக விளக்கக்கூடிய ஒரு பொருள் கண்முன் கிடக்கிறது. எனக்கோ நாக்கு இல்லை.

கையை உயர்த்தினேன். வலிக்கிறதென்று எண்ணிக் கருவியை எடுத்தார். நான் டேப் ரிக்கார்டரைக் காட்டினேன். பிறகு அதற்கு நேர்முன்னே, கை நீட்டினால் எட்டும் தொலைவிலிருந்த அந்தக் காலி முக்காலியைக் காட்டினேன்.

அவர் முக்காலியைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். மீண்டும் முக்காலியைப் பார்த்தார்.

"துப்புங்க" என்றார். அவர் குரல் பெரியவரின் குரல்போல் இருந்தது.

வீடு திரும்பி, பாதி வாயால் தங்கையிடம் இதைச் சொன்னேன்.

"தானாத் திரும்புமாமா?" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள். அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. "பேஷன்ட் வாய்ல கை இருக்கும்போது அவரால திரும்ப முடியாதுண்ணா. நான்தான் ஒரு கை உறையைக் கழட்டிட்டுத் திருப்பிப் போடுவேன். அவர் பார்த்ததே இல்லையா?"

"பார்த்திருந்தால் ஒரு கருத்துச் சொல்லியிருப்பாரே."

7

இனி முடிவு. ஏடுகளில் ஓர் அடிக்குப் பல பாடங்கள் கிடைத்தால், எல்லாவற்றையும் கீழே குறிப்பது எங்கள் தொழில் நேர்மை. அவ்வாறே:

(அ) பத்திரிகையில் இந்தக் கதையைப் படித்து மாப்பிள்ளை அழுதுகொண்டு ஓடி வருகிறார்.
தங்கையின் குறிப்பு: "அழமாட்டார். மூக்கு அடைச்சிருக்குன்னு சொல்வார்."

(ஆ) தங்கை மனம் இளகித் தானே திரும்பிப் போகிறாள்.
இதன்மேல் பென்சில் இருமுறை ஓடியிருக்கிறது. தாள் கிழிந்திருக்கிறது.

(இ) அறுந்த டேப் ஒலிப்பதிவுக்காரரின் குப்பைக்கூடையில் கிடைக்கிறது, ஒட்டுகிறார்கள், பெரியவர் உயிர்த்தெழுகிறார்.
எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான். ஆனால் பொடியானதை ஒட்ட முடியாது.

(ஈ) பாடியது யாராக இருந்தால் என்ன, கேட்டவனுக்குக் கிடைத்ததே உண்மைப் பாடம் என்று நான் நீண்டதொரு உரை எழுதி, இருவரும் அதைப் படித்துத் தெளிகிறார்கள்.
தங்கையின் குறிப்பு: "யாரு படிப்பா?"

8

மாப்பிள்ளைக்கு என் கதை தேவைப்படவில்லை. இது அச்சுக்குப் போகுமுன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவர் வந்துவிட்டார். அன்றுதான் மழையும் வந்தது. என் முதல் பத்தி பலித்துவிட்டதில் எனக்குச் சிறு கர்வம் உண்டு.

வாசலில் முழுக்க நனைந்து நின்றார். மழைக்கோட்டைத் தாம் அணியாமல் கையிலிருந்த பெட்டிக்கு அணிவித்திருந்தார்.

"உள்ளே வாருங்கள் மாப்பிள்ளை. தலை துவட்டிக்கொள்ளுங்கள்."

"இருக்கட்டும் மச்சான். மேசையைக் கொஞ்சம் ஒதுக்கித் தர்றீங்களா?"

என் உரைப்படிகளை ஒதுக்கினேன். ரிக்கார்ட் பிளேயர் அங்கே அமர்ந்தது. யாரோ ஒரு நோயாளியிடம் இரவல் வாங்கியதாம். அதன்மேல், ஒலிப்பதிவுக்காரரிடமிருந்து வாங்கிவந்த அந்த அசல் தட்டு. இப்போது அதற்கு அட்டை இருந்தது: முன்பல்லிரண்டுக்கும் இடையே இடைவெளியுள்ள ஒரு சிறுபெண், கிதாரைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் தட்டையே பார்த்தார்கள்.

"சரியான வேகத்துலயே வைக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. "நீ கொண்டுவந்த வேகம். நாலு நாளா கேட்டேன். பரவாயில்ல, இந்தப் பொண்ணுக்கும் குரல்..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார். அவர் ஒரு கருத்தைப் பாதியில் நிறுத்தியதை நான் முதன்முறையாகக் கண்டேன்.

"நீ சொல்லு" என்றார். "உனக்கு எப்படி இருக்கு? நான் கேட்டதே இல்ல."

தங்கை வந்து, மேசையின் இடப்பக்கமிருந்த என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசிப் பாட்டை வைங்க."

வைத்தார். அந்தப் பெண் துள்ளி வந்தாள். இரண்டு வரி பாடினாள். தங்கை கையை நீட்டி, வேகம் மாற்றும் சிறு பிடியை நாற்பத்தைந்திலிருந்து முப்பத்துமூன்றுக்குத் தள்ளினாள்.

ஒரு மூச்சில் அந்தப் பெண்ணுக்கு வயதாகிவிட்டது. பெரியவர் அறைக்குள் வந்து அமர்ந்தார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மழை, உள்ளே எனக்குத் தெரியாத ஒரு மொழியில், எழுந்திருக்க முடியாத ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையின் கை, கேட்குமுன்பே கருவியை நீட்டும் அதே நிலையில், தட்டின்மேல் உயர்ந்து காத்திருந்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை. எதையும் எண்ணவில்லை. காலைத்துதியில் எந்த அடிக்குக் கை கூப்பவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியுமோ அப்படி அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் அந்தச் சொல்லைத் தொடங்கினார். பாதிவரை வந்தார்.

அவள் ஊசிமுனையை மெல்லத் தூக்கினாள்.

அதே இடம். இத்தனை ஆண்டும் டேப் 'டக்' என்று நின்று அவள் கை எழுந்த இடம். ஓர் எழுத்து முன்னுமில்லை, பின்னுமில்லை. ஊசிமுனையைத் தட்டில் இறக்காமல், தாங்கியிலும் வைக்காமல், விழித்தால் அழுதுவிடும் குழந்தையை ஏந்துவதுபோல் விரல்நுனியில் ஏந்தியிருந்தாள்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதன்பின் அவர் என்ன சொன்னார், மூக்கு அடைத்திருந்ததா, ஊசிமுனை மீண்டும் இறங்கி அந்த "ல ல லா" என் வீட்டில் ஒலித்ததா, எந்த வேகத்தில் ஒலித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்த பையின் கதியையும் சேர்த்து, வாசகரே, மீதிச்சொல் உம்முடையது. வாழ்த்தை மட்டும் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்கள் மரபில் இல்லை. ஆகவே:

மழை வாழ்க. மெதுவாகச் சுற்றுவன வாழ்க. விரைந்து சுற்றுவனவும் வாழ்க. எங்கோ முதிர்ந்திருக்கும் அந்த இடைவெளிப் பல்லழகி நீடு வாழ்க. பிறர் வாய் திறந்திருக்கையில் பேசுவோர் வாழ்க. பேசாமல் பக்கம் திருப்பிப் போடுவோர் அவரினும் நெடிது வாழ்க. இதைப் படிக்கும் உம் அருகிலும் அப்படியொரு கை இருக்குமாயின், அது குளிராதிருக்க. அதை நீர் காண்பீராக.